வாசகர் கேள்விகள்: அனிமே பார்க்க வயது தாண்டிவிட்டதா?

சிவகாசி ஆஃப்செட் அச்சகமொன்றில் பாசிட்டிவ் என்னும் அச்சு ஃபிலிம் ஒட்டும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற நான், இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அனிமே என்னும் ஜப்பானிய அசையும் சித்திரப் படங்கள் பார்க்கிறேன் என்று சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வழக்கமாக இந்தப் பகுதிக்கு மாமியார், மருமகள் விவகாரமும் சொத்துத் தகராறும்தான் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டியவர்களுக்கு என் நன்றி. கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

கே: பேரப்பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகும் நான் பொம்மைப் படம் பார்ப்பதைக் கண்டு மருமகள் சிரிக்கிறாள். இந்த வயதில் இது தேவையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி)

ப: சிரிக்கட்டும். அவள் பார்க்கும் தொடரில் ஒரு பெண் மூன்று வாரமாகக் கையில் விஷக் கிண்ணத்தோடு நிற்கிறாள், அதைப் பார்த்து நாம் சிரித்தோமா?

ஜப்பானில் 'சசாஎ-சான்' என்று ஒரு தொடர். 1969 அக்டோபரில் தொடங்கியது, இன்னும் ஞாயிறு மாலைதோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே நீண்ட காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் இருக்கிறது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கணவனோடு பிறந்த வீட்டிலேயே வசிக்கும் சசாஎ என்ற இல்லத்தரசி, அவளுடைய அப்பா, அம்மா, தம்பி, தங்கை, ஒரு மகன், ஒரு பூனை. யாருக்கும் வயதாவதில்லை. மீன் வாங்கப் போவாள், பர்ஸை மறந்துவிடுவாள். அந்த நிகழ்ச்சி முடிந்ததும் நாளைக்கு அலுவலகம் போக வேண்டுமே என்று பெரியவர்களுக்கு ஒரு துக்கம் பிடித்துக்கொள்ளுமாம். அதற்கு 'சசாஎ-சான் நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் பார்க்காத தொடருக்கு இப்படி ஒரு நோய் வருமா?

அனிமேயில் பெரும்பகுதி மங்கா என்னும் படக்கதைகளில் இருந்து வருகிறது. அந்தப் படக்கதை இதழ்கள் பையன்களுக்குத் தனி, சிறுமிகளுக்குத் தனி, வளர்ந்த ஆண்களுக்குத் தனி, வளர்ந்த பெண்களுக்குத் தனி. நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பையன்களுக்கானவை. அதைப் பார்த்துவிட்டு மொத்தமும் குழந்தைச் சரக்கு என்று முடிவுகட்டியது நாம்தான்.

*

கே: தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை பார்த்த மௌக்லி ஜப்பான் படம் என்கிறான் மகன். உண்மையா?
(வங்கி ஊழியர், நாமக்கல்)

ப: உண்மைதான். ரட்யார்ட் கிப்ளிங் கதையை வைத்து நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-இல் எடுத்தது, 52 எபிசோட். தூர்தர்ஷன் 1990களின் முற்பகுதியில் அதை இந்தியில் ஒளிபரப்பியபோது குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாட்டை முன்னால் வைத்தார்கள். பாட்டு இந்தி, பையன் இந்தியப் பையன், கருஞ்சிறுத்தையும் நம் காட்டுச் சிறுத்தை. ஜப்பான் என்று யாருக்குத் தோன்றும்? எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது, ஆனால் பாட்டு அத்தனை பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

ராமாயணத்தையும் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் முனைந்து, நம் ராம் மோகனும் சேர்ந்து இயக்கி 1992-இல் முடித்த படம். 2025 ஜனவரியில் தமிழிலும் குரல் கொடுத்து இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. கும்பகர்ணன் எழுந்து வரும் காட்சிக்காகவே ஒரு தடவை பார்க்கலாம்.

மௌக்லியை மறுபடி பார்க்க வேண்டுமா என்றால், என்னால் இரண்டு எபிசோடுக்கு மேல் முடியவில்லை. அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பார்க்காததைப் பாருங்கள்.

*

கே: கல்லூரி நாளில் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த அத்தையின் மேல் வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை.
(மருந்தாளுநர், காரைக்குடி)

ப: பாருங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, தனியாக.

பார்க்காதவர்களுக்காக: 1945 ஜூனில் கோபே நகரத்தின்மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போடுகின்றன. தாயை இழந்த பதினான்கு வயது செய்தாவும் நான்கு வயதுத் தங்கை செத்சுகோவும் தூரத்து உறவான ஓர் அத்தை வீட்டில் ஒண்டுகிறார்கள். பிறகு அங்கிருந்து வெளியேறிக் குளக்கரையில் ஒரு பதுங்குகுழியில் வாழ்ந்து, பட்டினியில் இறக்கிறார்கள். அகியுகி நோசாகா தன் வாழ்க்கையை ஒட்டி 1967-இல் எழுதிய கதை. படமாக எடுத்த இசாவோ தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் சிக்கிப் பிழைத்தவர்தான். இன்னொரு கொடுமை கேளுங்கள்: 1988 ஏப்ரலில் இந்தப் படத்தை, ஹயாவோ மியாசாகியின் குழந்தைகள் படமான 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக வெளியிட்டார்கள். டோட்டோரோ பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன தாய்மார்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது அத்தை விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்காதீர்கள், கரண்டியைப் பாருங்கள். இரவில் கஞ்சி பரிமாறுகிறாள். வேலைக்குப் போய்வரும் தன் மகளுக்கும், வீட்டில் தங்கியிருக்கும் ஆளுக்கும் கரண்டி சட்டியின் அடிவரை போய்ப் பருக்கையோடு வருகிறது. செய்தாவின் கிண்ணத்துக்கு மேலாக்கத் தண்ணீர். ஒரு வார்த்தை கிடையாது. இருபது வயதில் நான் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அவள் வாய் பேசியதுதான் காதில் நின்றது. ரேஷன் அரிசியை எண்ணிப் போட்டு நான்கு பேருக்குச் சமைத்த பிறகு பார்த்தால், அந்தக் கரண்டிதான் கண்ணில் படுகிறது. இப்படிப் பரிமாறும் கையை நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

செத்துப்போன தாயின் கிமோனோவை அத்தை அரிசிக்கு மாற்றுகிறாள். தங்கை அழுகிறாள். அரிசியைக் கண்டதும் அதே குழந்தை சிரிக்கிறது. அந்த அரிசியில் ஒரு பங்கை அத்தை தன் கணக்கில் வைத்துக்கொள்கிறாள், ஆனால் மாற்றிவர அலைந்தவளும் அவளே. செய்தாவோ பகலெல்லாம் சும்மா இருக்கிறான். தாய் வைத்துவிட்டுப் போன 7,000 யென் வங்கியில் இருக்கிறது. அத்தை இரண்டு சொல் சொன்னதும் தனி அடுப்பு வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறான், பிறகு வீட்டைவிட்டே போகிறான். கடற்படை அதிகாரியின் மகனுக்குக் கைநீட்டி நிற்க வரவில்லை.

அத்தையை மன்னிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் மூட்டை கட்டும்போது இருந்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையே, அதை எப்படி மன்னிப்பது? ஆனால் பசிக்கணக்குப் போடும் பெண்ணாக அவளை எனக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கில் யார் முதலில் விடுபடுவார்கள் என்பதும் தெரிகிறது. படத்தை எடுத்தவர் அரக்கியைக் காட்டியிருந்தால் நமக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

செத்சுகோ கையில் வைத்திருக்கும் மிட்டாய் டப்பா நிஜமான சரக்கு, சாகுமா டிராப்ஸ். சிவப்பு டப்பாவில் அதை விற்ற நிறுவனம் 2023 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது.

இதே போர்க்காலத்தைச் சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டுமென்றால் சுனாவோ கதாபுச்சியின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' இருக்கிறது, 2016. ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் கூரே துறைமுகத்தில் வாழ்க்கைப்பட்ட சுசு என்ற மருமகள், சர்க்கரைப் பாத்திரத்தில் எறும்பு ஏறாமல் இருக்க அதைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுகிறாள். அது மூழ்கிவிடுகிறது. போர்க்காலச் சர்க்கரை! கள்ளச்சந்தைக்கு ஓடுகிறாள். அந்தச் சிரிப்பை நம்பி ஏமாறாதீர்கள், பின்னால் இருக்கிறது.

*

கே: 'ஒன் பீஸ்' முதலில் இருந்து பார்க்க ஆசை. வயது 61.
(பள்ளி வேன் ஓட்டுநர், திண்டுக்கல்)

ப: 1999-இல் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டிவிட்டது. நாளுக்கு மூன்று வீதம் பார்த்தாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் அவர்கள் இன்னும் எடுத்துவிடுவார்கள். ஆயுள் கெட்டி என்றால் தொடங்குங்கள்.

இல்லையென்றால் 'மான்ஸ்டர்'. 74 எபிசோடில் முடிந்துவிடும். ஜெர்மனியில் பணிபுரியும் ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர் தென்மா. மேலிடத்து உத்தரவுப்படி, முதலில் வந்த துருக்கித் தொழிலாளியை விட்டுவிட்டுப் புகழ்பெற்ற பாடகருக்கு அறுவை செய்கிறார். தொழிலாளி இறந்துபோகிறார். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு மருத்துவமனை நடையில் நின்று, முதலில் வந்தது என் கணவர்தானே என்று கேட்கிறாள். அடுத்த முறை அவர் நகர மேயரை விட்டுவிட்டு, முதலில் கொண்டுவரப்பட்ட சிறுவனின் தலையைத் திறக்கிறார். அந்தச் சிறுவன் யாராக வளர்கிறான் என்பது மிச்சக் கதை. வேன் ஓட்டிவிட்டு வந்து தூக்கக் கலக்கத்தில் பார்க்க வேண்டாம், விடுமுறையில் பாருங்கள்.

*

கே: அனிமேயில் பல நேரம் வாய் மட்டும் அசைகிறது. உடம்பு சிலைபோல நிற்கிறது. சோம்பேறித்தனமா?
(வரைகலை மாணவர், கோயம்புத்தூர்)

ப: தம்பி, காசு.

சினிமாவில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம். ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்தினால் நொடிக்கு எட்டுப் படம் வரைந்தால் போதும். ஒசாமு தெசுகா 1963 ஜனவரி 1 அன்று 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாரம் ஒன்றாகத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, செலவுக்குக் கட்டுப்படியாகாத விலைக்குத்தான் விற்றார். ஆகவே எட்டுப் படம். ஆகவே அசையாத உடம்பில் அசையும் வாய். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைப் பத்திரப்படுத்தி, பின்னணியை மாற்றி மறுபடி மறுபடி பயன்படுத்துவது. அந்தப் பஞ்சத்தில் பிறந்த உத்திகளே பிறகு அழகாகிவிட்டன. அடி விழும் முன் ஒரு நிறுத்தம், காற்றில் முடி மட்டும் ஆடுவது, அசையாத முகத்தின்மேல் சிள்வண்டுச் சத்தம். நிறைய வரைந்தவன்தான் உழைத்தவன் என்று நினைக்காதே.

எனக்கு இதில் தனி ஆசை உண்டு. நாங்கள் காலண்டருக்கு நான்கு நிறத்துப் பாசிட்டிவையும் விளக்கு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூலைக்குறி பார்த்து ஒட்டுவோம். மயிரிழை தவறினால் முருகனுக்கு இரண்டு மூக்கு. அனிமே வரைகிறவர்களும் அதே விளக்கு மேசையில்தான் குனிகிறார்கள். காகிதத்தின் ஓரத்தில் துளை, மேசையில் அதற்கேற்ற முளை. அனுபவசாலி முக்கிய நிலைகளை வரைவார். கை மேலே ஒன்று, கை கீழே ஒன்று. நடுவில் இருப்பதை எல்லாம் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் வரைய வேண்டும், கூலி பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்று. அந்தக் கூலி மிகக் குறைவு என்பது உலகத்துக்கே தெரியும், இன்னும் சரியாகவில்லை. கண்ணாடித் தாளில் பின்பக்கமாக வண்ணம் பூசும் முறையை எல்லோரும் விட்ட பிறகும் 'சசாஎ-சான்' 2013 வரை விடாமல் வைத்திருந்தது.

இந்தத் தொழிலைப் பார்க்க 'ஷிரோபாகோ' இருக்கிறது, 2014-இல் வந்தது, 24 எபிசோட். அனிமே நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் பெண் ஒருத்தி, வரைபவர்கள் வீடுகளுக்குக் கார் ஓட்டி முடிந்த படங்களை வாங்கிவருகிறாள். கெடு, சாக்கு, தொலைபேசியை எடுக்காத ஆள். தீபாவளிக்கு முந்தின வாரக் காலண்டர் அச்சகம் அப்படியே.

*

கே: தமிழ்க் குரலா, ஜப்பானியக் குரலா?
(இல்லத்தரசி, ஆவடி)

ப: எது கண்ணுக்கு வலிக்காதோ அது. வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு துணையெழுத்தைத் துரத்துவது எவ்வளவு பாடு என்று இளவட்டங்களுக்குத் தெரியாது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தபோது நிம்மதியாகப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஜப்பானியம் கட்டாயம்: 'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ'. ரகுகோ என்பது மெத்தையில் மண்டியிட்டு அமர்ந்து, ஒரு விசிறியும் ஒரு கைத்துண்டும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரே எல்லாப் பாத்திரமாகவும் பேசிக் கதை சொல்லும் கலை. சிறையில் இருந்து வந்த ஓர் இளைஞன் ஒரு மூத்த கலைஞரிடம் சீடனாகச் சேர்கிறான். முதல் எபிசோடிலேயே ஒரு முழுக் கதையை மேடையில் சொல்கிறான். திருடனுக்கு ஒரு குரல், வீட்டுக்காரனுக்கு ஒரு குரல், இரண்டும் ஒரே தொண்டையில் இருந்து. மொழி புரியாமலே சிரிப்பு வந்தது.

*

கே: மகனோடு உட்கார்ந்து ஒரு தொடரைப் போட்டேன். பள்ளிச் சிறுமிகளை அவர்கள் காட்டும் விதத்தைக் கண்டு பாதியில் அணைத்துவிட்டேன். நீங்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையே?
(செவிலியர், தூத்துக்குடி)

ப: திறக்கிறேன். அணைத்தது சரி. கதைக்கு வேண்டாத இடத்தில் சிறுமிகளின் பாவாடையைக் காட்டி ஆண்களைப் பிடித்துவைக்கும் வழக்கம் அனிமேயில் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஜப்பானியப் பண்பாடு என்று அதற்குச் சப்பைக்கட்டுக் கட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வியாபாரம், அவ்வளவுதான்.

இந்தப் பார்வையையே கூண்டில் ஏற்றியவர் இயக்குநர் சதோஷி கோன். 1997-இல் வந்த 'பெர்ஃபெக்ட் புளூ'வில் பாட்டுக் குழுவை விட்டு நடிக்கப் போகும் மீமா என்ற பெண்ணை, ரசிகர்களின் கண்களே சித்திரவதை செய்கின்றன. வயதுவந்தவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படம், மகனோடு வேண்டாம். அவருடைய 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' பாருங்கள், 2003. கிறிஸ்துமஸ் இரவில் குப்பையில் கிடக்கும் பச்சைக் குழந்தையை, தெருவில் வாழும் மூவர் எடுக்கிறார்கள்: ஒரு குடிகாரர், ஒரு திருநங்கை, வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு சிறுமி. மகன் சற்று வளர்ந்தவன் என்றால் சேர்ந்தே பார்க்கலாம். கோன் 2010-இல் 46 வயதில் போய்விட்டார். பெரிய நஷ்டம்.

*

கே: மந்திரம், டிராகன் என்றால் எனக்கு ஒவ்வாது. மகள் 'ஃப்ரீரென்' பாருங்கள் என்று நச்சரிக்கிறாள்.
(மின்வாரிய ஊழியர், ஈரோடு)

ப: மகள் சொல்வதைக் கேளுங்கள். மற்றக் கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. அசுர ராஜனை வென்றுவிட்டு நால்வர் ஊர் திரும்புகிறார்கள். அதற்காக அவர்கள் சேர்ந்து நடந்தது பத்து வருடம். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும் இனத்தைச் சேர்ந்த ஃப்ரீரெனுக்குப் பத்து வருடம் ஒரு கணக்கே இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் ஐம்பது வருடம் கழித்து வந்தால், தலைவன் ஹிம்மெல் வழுக்கை விழுந்த குள்ளக் கிழவராக நிற்கிறார். சில நாளில் இறந்துபோகிறார். அடக்கத்தின்போதுதான் அவரைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அவளுக்கு உறைக்கிறது. இவ்வளவும் முதல் எபிசோடிலேயே.

பிறகு வருவதில் சண்டையும் உண்டு, பிடிக்காவிட்டால் அந்த நேரத்தில் காபி போடுங்கள். அவள் ஊர் ஊராகச் சேகரிக்கும் மந்திரங்களைக் கவனியுங்கள்: இனிப்புத் திராட்சையைப் புளிப்பாக்கும் மந்திரம்! ஹிம்மெலின் ஊரில் பூக்கும் ஒரு நீலப் பூவை அவர் சிலைக்கு வைப்பதற்காக மாதக்கணக்கில் காடு மேடெல்லாம் தேடுகிறாள். கூட இருக்கும் சீடப்பெண் இது ஆகாது என்று கவலைப்படுகிறாள். முதல் பகுதி 28 எபிசோட், 2023-24. பணி ஓய்வு நெருங்கும் வயதில் பார்த்தால், உடன் வேலை செய்தவர்களில் யாருக்குத் தொலைபேசியில் பேசலாம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. பேசினேன். அந்த அம்மாள் அரை மணி நேரம் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார்.

*

கே: இத்தனை பெயர் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்றவர், ராஜபாளையம்)

ப: 'ஒன்லி யெஸ்டர்டே', தகஹாதா, 1991. இரண்டு மணி நேரம்.

டோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்க்கும் 27 வயது தாஎகோ, விடுமுறையில் யமகத்தா கிராமத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். பனி ஈரத்தில் முள் மெத்தென்று இருக்கும் என்பதால் விடியும் முன்பே பறிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புத் தாஎகோவும் அவள் மனதோடு ரயிலேறிக் கூடவே வருகிறாள், அது 1966. அந்தக் குழந்தைக்குப் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வரவில்லை. திருப்பிப் போட்டுப் பெருக்கு என்கிறார்கள் எல்லோரும். அவளோ ஆப்பிள் படம் வரைந்து, மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிளை நான்கில் ஒன்றால் வகுப்பதென்றால் என்னதான் அர்த்தம் என்று கேட்கிறாள். இன்றுவரை எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் அப்பா ஓர் அன்னாசிப்பழம் வாங்கிவருகிறார். டப்பாவில் அடைத்ததை மட்டுமே கண்ட குடும்பம். எப்படி நறுக்குவது என்று யாருக்கும் தெரியாமல் பழம் அப்படியே இருக்கிறது. அக்கா எங்கோ கேட்டுவந்து ஒருநாள் வெட்டுகிறாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாயில் வைக்கிறார்கள். கடினம், இனிப்பும் இல்லை. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்துகிறார்கள். ஆசைப்பட்டுக் கேட்ட சின்னவள் மட்டும் நன்றாக இருக்கிறது என்பதுபோல மென்றுகொண்டே இருக்கிறாள். தெருமுனையில் மிளகாய்த்தூள் தூவி அன்னாசி தின்று வளர்ந்த நமக்கு இது வேடிக்கை. ஆனால் அந்தத் தாடை அசைவதைப் பார்த்தால் வேறு ஏதேதோ ஞாபகம் வரும்.

வளர்ந்த தாஎகோ சிரிக்கும்போது கன்னத்தில் கோடு விழுவதைப் பாருங்கள். குரலை முதலில் பதிவுசெய்து, நடிகையின் முகத்தைப் பார்த்து வரைந்தார்கள். இருபத்தேழு வயதுப் பெண்ணைக் கிழவியாக்கிவிட்டார்கள் என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடாதீர்கள். கதையின் முடிவை அந்தப் பட்டியல் ஓடும்போதுதான் வைத்திருக்கிறார்கள்.